நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு சாண்

அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் வயிற்று வலி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தலை வலித்தால் சொல்வோம், முட்டு வலித்தால் சொல்வோம். வயிறு என்று வந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பிட்டதும் நெஞ்சுக்குழியில் காந்தல் எடுக்கும். கோலி சோடா குடிப்பார், ஓமத் தண்ணீர் குடிப்பார், மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போடுவார், மறுபடி வேலைக்குப் போய்விடுவார். ஓர் இட்லிக்கு மேல் இறங்காமல், வேட்டி இடுப்பில் நிற்காமல் ஆன பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரைப்பையில் புற்று, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். அந்த வருஷத் தீபாவளியை அவர் பார்க்கவில்லை.

அதே இடத்தில் எனக்கு வலி தொடங்கியபோது என் வயதும் கிட்டத்தட்ட அப்பாவுக்குத் தொடங்கிய வயதுதான். வலியைவிடப் பயம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் மூச்சே விடவில்லை. டாக்டரிடம் போனால் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்வார், பார்த்தால் அப்பாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கும் என்று என் மனசு தானாகவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் இப்படிப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிற பெண்களை எனக்கு நேரில் தெரியும். அவர்கள் கையில் இது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் ஆபீசில் நான் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பட்டியல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் என் மேசையில்தான் முடியும். ஆடி பிறந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் யாருக்கும் நேரத்துக்குச் சோறு கிடையாது. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும், அச்சாபீஸ்கள் ராப்பகலாக ஓடும். பட்டாசு ஆலைகளில் தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும். காலையில் வேன் வருமுன் ஒரு டம்ளர் காபி, பதினொரு மணிக்கு டீ, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குக் கூட நகர்ந்துபோகும். ராத்திரி வீடு திரும்பியதும் பசி வயிற்றைக் கிள்ள, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுவேன். விருதுநகர் போய்வரும் நாளில் வீட்டுக்காரர் எண்ணெய் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவார். அதைப் பத்து மணிக்குப் பிரித்துச் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிடுகிற சந்தோஷத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்?

வலி இரண்டு விதமாக வந்தது. ஒன்று, நடுராத்திரியில் தட்டி எழுப்புகிற வலி. தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில், ஒற்றை விரலை வைத்துக் காட்டிவிடலாம் போன்ற இடத்தில், உள்ளேயிருந்து சுரண்டும். எழுந்துபோய்ப் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டால் அடங்கிவிடும். மற்றது எதுக்களிப்பு. படுத்த கொஞ்ச நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி வரும், நெஞ்சு கரிக்கும், காலையில் எழுந்தால் குரல் கம்மிப் போயிருக்கும். வறட்டு இருமலும் கூடவே வந்தது. இருமலுக்கும் வயிற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டாசு ஆலை, தூசி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாத வலியை எழுதி வைத்தேன். எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் மலிவுக் காலண்டர் அது. கிழித்த தாளின் பின்னால் பென்சிலால் குறித்து, அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே சொருகி வைப்பேன். ‘ராத்திரி 1.45. வெறும் வயிறு. பால் குடித்ததும் நின்றது.’ ‘மதியம் சாம்பார் சோறு. குனிந்து லெட்ஜர் பார்க்கையில் கரிப்பு.’ ‘ராத்திரி பரோட்டா. புளித்த ஏப்பம், இருமல், தூக்கமில்லை.’ யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதில்லை. கணக்கு எழுதிப் பழகிய கை, பயத்துக்கும் ஒரு பேரேடு போட்டுக்கொண்டது.

அதை வெளியே எடுக்க வைத்தவர் எங்கள் ஆலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர். ஒரு மத்தியானம் ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “வயித்தப் பொருமுது தாயி. கேஸ் மாதிரி இருக்கு” என்றார். யாரோ ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார்கள். குடித்தார், பெரிதாக ஏப்பம் விட்டார், “இப்பத் தேவல” என்றார். ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. கையையும் நெஞ்சையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் போர்மேன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வேனைத் திருப்பச் சொல்லி அவரை ஏற்றிக்கொண்டு சிவகாசி அரசு மருத்துவமனைக்குப் பறந்தார். ஈ.சி.ஜி. எடுத்த கையோடு மாரடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தின் அடிச்சுவர்.

இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. அங்கே ரத்த ஓட்டம் அடைபட்டால் வலி நெஞ்சில் தெரியாமல் மேல் வயிற்றில் தெரியலாம், குமட்டலும் ஏப்பமும் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி வழக்கத்துக்கு மாறாக வருவது உண்டு. சோடா குடித்து ஏப்பம் வந்து கொஞ்சம் இறங்கினாலும் அது கேஸ்தான் என்று முடிவு கட்ட முடியாது என்பதை அன்றைக்குக் கண்ணெதிரே பார்த்தேன். மேல் வயிற்று வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி தாடைக்கும் தோளுக்கும் கைக்கும் பரவினாலோ, தலை சுற்றினாலோ, மெடிக்கலைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷங்கள் போதும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் சோதிப்பார்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே பல பேருக்கு நினைவில் இல்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போன என்னிடம், “நானே கேஸுன்னு பேர் வச்சுட்டேன் தாயி. வந்தது வேற ஆளு” என்றார். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவர். “மாமாவுக்கு வந்தது உனக்கு வந்துருமோன்னு பயந்தியா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது.

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் இருந்தவர் இளவயது டாக்டரம்மா. வரிசை நீண்டிருந்தது, ஆனாலும் அவசரப்படவில்லை. “என்னம்மா செய்யுது?” என்று தொடங்கி அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். எந்த இடத்தில், முதுகுக்குப் போகிறதா, தோளுக்குப் போகிறதா. சாப்பிட்டால் கூடுதா குறையுதா. ராத்திரி எழுப்புதா. படுத்தால் ஏறுதா. சோறு விழுங்கும்போது தொண்டையில் அடைக்கிறதா. எடை குறைந்திருக்கிறதா, ஜாக்கெட் தளர்ந்திருக்கிறதா. வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரியோ வந்ததா. மலம் தார் போலக் கறுப்பாகப் போனதா. சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது? அந்த இடத்தில் என் குரல் உடைந்தது. அப்போதுதான் கைப்பையிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். இரண்டு குவியலாகப் பிரித்தார். “இதெல்லாம் வெறும் வயித்து வலி. இதெல்லாம் சாப்பிட்டுக் குனிஞ்சு, படுத்து வந்த வலி. ரெண்டு வேற வேற சமாச்சாரம் இருக்கும்மா உங்ககிட்ட” என்றார். சோதனை எதுவும் செய்யுமுன்பே அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

பிறகு, “வேற என்ன மாத்திரை போடுறீங்க?” என்றார். தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் அப்பப்போ மெடிக்கலில் கேட்டு வாங்குவதைச் சொன்னேன். எங்கள் வேனில் இது எல்லோருக்கும் பழக்கம். நாள் முழுக்கத் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்தே வேலை செய்கிற பெண்களுக்கு இடுப்பு, முட்டு, கழுத்து மூன்றும் போய்விடும். “அண்ணாச்சி, மேலு வலிக்கு ஒரு செட்டு குடுங்க” என்றால் பல வண்ணத்தில் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இரைப்பையின் உட்சுவரைப் பாதுகாக்கிற வழவழப்பான படலத்தை உண்டாக்கும் வேலையையும் அந்த மாத்திரைகள் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. தொடர்ந்து போட்டால் புண் வரும். சில பேருக்கு வலியே தெரியாமல் புண் வந்து நேரே ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். டாக்டரம்மா திட்டவில்லை. எந்த மாத்திரை, எப்போது என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

கடைசியாக, “என்ன வேலை?” என்றார். பட்டாசு ஆலை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஆபீசிலா உள்ளேயா, மருந்து தொடுவீர்களா, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வசதி இருக்கிறதா என்று தனியாகக் கேட்டார். எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் மருந்துக் கையோடு சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறவர்களுக்கு அது பெரிய கேள்வி. பச்சை வண்ணத்துக்காகச் சேர்க்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்த பேரியம் உப்பு உடம்புக்குள் போனால் வயிற்று வலி, வாந்தி, பேதி வரும். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிக் கை கால் தளர்ந்தும் போகும். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய தம் புத்தகத்தில் வற்புறுத்தினார். எங்கள் வட்டாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத டாக்டரிடம் நாமாகவே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அன்றே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், சரியாக இருந்தது. வயிற்று ஸ்கேனுக்கும் எழுதினார். ஸ்கேன் எதற்கு என்று எனக்கு என் மதினியின் கதையிலிருந்தே தெரியும். மதினிக்குக் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தால் வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வலது தோள்பட்டைக்குப் பின்னால் வரை போகும், ஒரு மணி இரண்டு மணி நேரம் நின்று தானாக விடும். கேஸ் மாத்திரை எதுவும் கேட்கவில்லை. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். பித்தப்பைக் கல் எண்டோஸ்கோப்பியில் தெரியாது, வயிற்றுப் புண் ஸ்கேனில் தெரியாது. ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. கல் நழுவிக் கணைய நாளத்தை அடைத்தால் கணையம் வீங்கிவிடும். மதுவாலும் அது வரும். அந்த வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும், படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார வைக்கும், வாந்தி நிற்காது. அப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. மதினிக்கு அந்த அளவுக்குப் போகுமுன் சிறு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

எனக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்பாவின் கதை இருப்பதால் எண்டோஸ்கோப்பி கட்டாயம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அதைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்ததெல்லாம் பயங்கரம். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும். முதல் நாள் ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு அதன்பின் ஒன்றும் சாப்பிடாமல் காலையில் போனேன். இரைப்பை காலியாக இருக்க வேண்டும் என்பதால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பட்டினி. தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்தார்கள், கசந்தது, நாக்கு தடித்துப் போனது போல இருந்தது, எச்சில் விழுங்குவதே தெரியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு இடையில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் என் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. தொண்டையைத் தாண்டும்போது உமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மூக்கால மூச்சு விடுங்கக்கா, எச்சிய முழுங்க வேணாம், வழிய விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. மரப்பு போகும் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, புரையேறிவிடும். திரையில் தெரிந்த என் இரைப்பை ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. அவ்வளவு நாள் அங்கே எதை நினைத்து நடுங்கினேனோ அது அங்கே இல்லை.

இருந்தது வேறு. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு புண். அதுதான் ராத்திரியில் பசி வயிற்றில் எழுப்பி, பால் குடித்ததும் அடங்கிய வலி. உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டுப் பட்டு உண்டான சிவந்த கீறல்கள். அதுதான் எதுக்களிப்பு. டாக்டரம்மா பிரித்து வைத்த இரண்டு குவியலும் அப்படியே திரையில் இருந்தன. குழாய் வழியாகவே துளி சதை எடுத்துச் சோதித்ததில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதும் தெரிந்தது.

இந்தக் கிருமியின் கதையை நான் வேனில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வயிற்றுப் புண் என்றால் காரத்தாலும் கவலையாலும் வருவது என்றுதான் உலகம் முழுக்க நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1980-களின் தொடக்கத்தில் புண் உள்ளவர்களின் இரைப்பையில் வளைந்த வடிவில் இந்தக் கிருமியைக் கண்டார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று பெரியவர்கள் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் கிருமி வளர்த்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று 14 நாள் மாத்திரையில் புண்ணின் வேரையே எடுத்துவிட முடிகிறது. ஒரு காலத்தில் இதற்கு வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. பல பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. ஆனால் நீண்ட காலம் இருந்து இரைப்பைப் புற்றுக்கு வழிவிடக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே அறிவித்திருக்கிறது. குடும்பத்தில் இரைப்பைப் புற்று வந்திருந்தால் கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அப்பாவுக்கும் இதுதான் தொடக்கமா என்று கேட்டேன். இனி அதைச் சொல்ல முடியாது, புற்று ஒரே காரணத்தால் வருவதில்லை, பீடி, உப்பு மிகுந்த சாப்பாடு எல்லாம் சேரும் என்றார். “காரம்?” என்று கேட்டேன். காரம் இருக்கிற புண்ணை எரிய வைக்கலாம், புண்ணை உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது என்றார்.

நான் காரத்தைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அப்பா இறந்த வீட்டில், பிணம் கிடக்கும்போதே, “இவ வக்கிற கொழம்புக் காரந்தான் எந்தம்பி வயித்த அரிச்சிருச்சு” என்று அத்தை வாய்விட்டுச் சொன்னாள். கூடியிருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா தன் கையால் மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்ததே இல்லை. பேரப் பிள்ளைகள் கேட்டாலும் என்னை வைக்கச் சொல்வாள். இத்தனை வருஷம் ஒரு மனுஷி அதைச் சுமந்திருக்கிறாள். எண்டோஸ்கோப்பி முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போய்ச் சொன்னது அம்மாவிடம்தான். எனக்குப் புற்று இல்லை என்பதைக் கேட்டதும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கிருமியைப் பற்றியும் காரத்தைப் பற்றியும் டாக்டர் சொன்னதைச் சொன்னபோது கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். “இத ஒங்க அத்தகிட்டப் போய்ச் சொல்லு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

வைத்தியம் சுலபமில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் இரண்டு, காலையும் ராத்திரியும், 14 நாள். வாயெல்லாம் கசந்து கிடந்தது, வயிறு இளகியது. வலி சட்டென்று போய்விடுகிறது, நிறுத்திவிடலாம் என்று ஆசை வரும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு மசியாததாகிவிடும். முடித்த பின் குறைந்தது நான்கு வாரம் கழித்துக் கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்ய வேண்டும். அமில மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பதுங்கிக்கொண்டு முடிவு பொய்யாக வரும். எனக்குக் கிருமி இல்லை என்று வந்தது.

எதுக்களிப்புதான் மெதுவாகப் போனது. உணவுக்குழாயின் அடியில், இரைப்பைக்குப் போகும் வாயில், சுருக்குப் பையின் கயிறு போல ஒரு தசை வளையம் இருக்கிறது. சோறு போனதும் இறுகிவிட வேண்டியது. வயிறு முட்டச் சாப்பிட்டாலும், எண்ணெய்ச் சாப்பாட்டால் இரைப்பை காலியாக நேரமானாலும், பீடியும் புகையிலையும் பழகியிருந்தாலும் அது தளரும். குனிந்தால், படுத்தால் அமிலம் மேலே வரும். டாக்டரம்மா பரோட்டாவை நிறுத்தச் சொல்லவில்லை, மணியை மாற்றச் சொன்னார். இப்போது ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுகிறேன். சீசனில் ஆபீசிலேயே டப்பாவைத் திறந்துவிடுகிறேன். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வயிறு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரையடி உயர்த்தினோம். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடியும், வயிறு இன்னும் அழுந்தும். பாயில் படுக்கிறவர்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலே வித்தியாசம் தெரியும், அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தங்குகிறது. அமில மாத்திரையை நான் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால்தான் அது முழுதாக வேலை செய்யும் என்று மாற்றிக் கொடுத்தார். எத்தனை வாரம் என்றும் எழுதிக் கொடுத்தார். இருமல் நின்றது. தூசிமேல் பழி போட்டிருந்தேன் என்று சொன்னேனே, அந்த இருமல்.

ஈ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை, அது என் தொழில். 1948-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது அது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. டாக்டர் சான்று கொடுத்தால் நோயால் வராத நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், முன்போல எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனாலும் சின்ன ஆலைகளில் பெயரே பதியாமல் வேலை வாங்குகிறார்கள். பதிந்திருக்கும் இடத்திலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பெண்கள் வலியை அடக்கிக்கொள்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் எனக்கே ஒரு நாள் லீவு எடுக்க இவ்வளவு தயக்கம் என்றால், எண்ணிக்கைக் கூலிக்கு உட்காருகிறவள் எப்படிப் போவாள்? வேனிலேயே கேட்டு, யாருக்கு விழுங்க முடியவில்லை, யாருக்கு எடை குறைகிறது என்று தெரிந்தால் அவர்கள் சீட்டை நானே முதலில் எடுத்து வைக்கிறேன். முதலாளியிடம் அவர்களுக்காக நானே பேசுகிறேன்.

அம்மா சொன்னபடி திருத்தங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் நோயைப் பற்றி, கிருமியைப் பற்றி, காரத்தைப் பற்றி நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அன்னிக்கு என்னவோ வாயில வந்துச்சு. தம்பி போன வெறி” என்றாள். கொஞ்சம் கழித்து, “எனக்கும் ஆறு மாசமா சோறு தொண்டையில நிக்குது தாயி. தண்ணி ஊத்தித்தான் எறக்குறேன். யாருகிட்டச் சொல்ல?” என்றாள். மேலே கேட்டேன். சேலைக் கொசுவம் முன்னைவிட ரெண்டு மடிப்புக் கூட வருகிறதாம்.

நாளைக் கடத்தக் கூடாது என்று அங்கேயே அவள் மகனுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை எண்டோஸ்கோப்பிக்குச் சொல்லியாகிவிட்டது. முதல் நாள் ராத்திரி அத்தையை எங்கள் வீட்டில் தங்க வைக்கிறோம், அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். சீக்கிரமே சாப்பிட வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பட்டினி. அத்தைக்கு இறங்குகிற மாதிரி ரசஞ்சோறு குழைய வடிக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.